பெரியம்மாவுக்கு ஐந்து க்ரீம் சக்கரங்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், என் முழங்காலைக் கேட்டால் அது வேறு பதில் சொல்லும், அதைக் கேட்காமல் விட்டுவிடு. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி இருமல் எதுவும் இல்லாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும்தான் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் நான் எங்கே பேசுகிறேன், உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் மீதியை அவள் முடித்துவிடுகிறாள். ஒரு விஷயத்தை ஆதியோடந்தமாகச் சொல்ல வேண்டும் என்றால் எனக்குக் காகிதம்தான் கதி. எழுதுகிறேன் என்று அவளுக்கும் தெரியும், எழுதுங்க எழுதுங்க, என்னைப் பத்தித்தானே எழுதுவீங்க என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பயப்படாதே, எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஆனாலும் நீ வந்து இறங்கும் முன்பு இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எல்லாம் நம் காரின் சக்கரத்தில் ஆரம்பித்தது. உன் அம்மாவழித் தாத்தாவின் அந்தப் பச்சைக் கார் அம்மாவை விட மூத்தது என்று தெரிந்ததும் நீ சின்ன வயதில் அதற்குப் பெரியம்மா என்று பெயர் வைத்தாயே, அந்தப் பெயர்தான் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிறது. பேத்தியைத் தூக்கிக்கொண்டு முதல்முறையாக நீ வருகிறாய் என்று தெரிந்த அன்றிலிருந்து உன் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெரியம்மாவை நானே ஓட்டிக்கொண்டு போய் விமான நிலையத்திலிருந்து குழந்தையை அழைத்து வருவேன் என்று அவளே முடிவு செய்து அவளே தெருவெல்லாம் அறிவித்தும் விட்டாள். டிரைவிங் ஸ்கூலில் பாதி ஊருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்து பிரேக்கம்மா என்று பெயர் வாங்கியவள், அவளிடம் யார் என்ன சொல்ல முடியும். எனக்கோ வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் கற்றுக்கொடுத்துப் பார்த்துவிட்டு, நாம சேர்ந்து குடும்பம் நடத்தணும்னா இது வேண்டாம் என்று அவளே என்னை இறக்கிவிட்டாள். அன்றிலிருந்து பக்கத்து சீட்தான் என் சிம்மாசனம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குழந்தை முதலில் பார்ப்பதே சக்கரத்தைத்தான், அதன் உயரத்துக்கு அதுதானே தெரியும் என்று உன் அம்மா ஒரு கணக்குப் போட்டாள். சக்கரமோ வெயிலும் மழையும் பட்டுத் துருப்பிடித்துப் பெயர்ந்து கிடந்தது. டப்பா பெயின்ட் வாங்கினால் நானே அடித்துத் தருகிறேன் என்றேன். நீங்க போன தடவை கேட்டுக்கு அடிச்ச லட்சணத்தைத்தான் தினமும் பாக்குறேனே என்று சொல்லிவிட்டு, தொழிற்பேட்டையில் பவுடர் கோட்டிங் போடுகிற ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டாள். பவுடர் என்றதும் முகத்துக்குப் பூசுவது போல ஏதோ என்று நினைத்துக்கொண்டுதான் நான் கூடப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, பெண்ணுக்கு அலங்காரம் செய்வதை விட இதில் வேலை அதிகம். முதலில் டயர் கடைக்குப் போய் டயரையும் ட்யூபையும் கழற்ற வேண்டும், அதற்கு ஒரு கூலி. பிறகு கரகரப்பான பொடி மணலைக் காற்றில் வேகமாகப் பீய்ச்சி பழைய பெயின்ட், துரு எல்லாவற்றையும் உரித்து இரும்பைப் பச்சைப் பிள்ளை போல நிறுத்துகிறார்கள், அதற்குச் சக்கரத்துக்கு இவ்வளவு என்று ஒரு கூலி. உரித்த பிறகுதான் ஒரு சக்கரத்தின் விளிம்பில் துரு தின்று ஓட்டை போட்டிருப்பது தெரிந்தது, அதை வெல்டிங் வைக்க இன்னொரு கூலி. பழைய ட்யூபை டயர் கடைக்காரர் பல்லி வாலைப் பிடிப்பது போல இரண்டு விரலால் தூக்கிக் காட்டிவிட்டுப் புதிது ஐந்தை எடுத்து வைத்தார். இவ்வளவும் முடிந்து பவுடர்காரர் சொன்ன விலையைக் கேட்டால் அது ஒன்றுதான் நியாயமாக இருந்தது. சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்பது சரியாகத்தான் இருக்கிறது. மொத்தத்தில் ஒரு நல்ல சலவை மெஷின் வாங்கியிருக்கலாம்.

ஐந்தாவது சக்கரம் எதற்கு, அது டிக்கிக்குள் இருட்டில் படுத்துக் கிடக்கிற ஸ்டெப்னிதானே, அதை விட்டுவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் ஒரு நாள் வெளிய வரும், அன்னைக்கு மத்த நாலும் அதைப் பார்த்துச் சிரிக்கும் என்று பதில் வந்தது. ஐந்தாவதையும் சேர்த்தே கொடுத்தோம். பவுடர்காரர் நல்ல மனிதர், புருவம் கண்ணிமை எல்லாம் எப்போதும் ஏதோ ஒரு நிறத்தில் இருக்கும், நாங்கள் போன அன்றைக்கு வெள்ளையாக இருந்தார். சக்கரத்தைக் கொக்கியில் தொங்கவிட்டு ஒரு துப்பாக்கியால் பவுடரை ஊதினால் அது மின்சாரத்தில் இழுபட்டுப் போய் சந்து பொந்தெல்லாம் தானாக ஒட்டிக்கொள்கிறது. அதற்கு முன்னால் நட்டு உட்காருகிற குழியை எல்லாம் ரப்பர் மூடி வைத்து அடைக்கிறார்கள், அங்கே பவுடர் படிந்தால் நட்டு இறுக்கமாகப் பிடிக்காதாம், ஓடும்போது தளர்ந்துவிடுமாம். உன் அம்மா ஒவ்வொரு மூடியையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தாள். அதன் பிறகு ஆள் உள்ளே நடந்து போகிற அளவுக்கு ஒரு பெரிய அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள், பவுடர் உருகி இரும்போடு இரும்பாகத் தோல் போலப் பிடித்துக்கொள்கிறது. ஒரு சக்கரம் வெந்தாலும் ஐம்பது வெந்தாலும் அடுப்புக்கு ஒரே செலவுதான், அதனால் ஓடிக்கொண்டிருக்கிற நிறத்திலேயே போட்டுக்கொண்டால் விலை குறைவு, வேறு நிறம் என்றால் துப்பாக்கி முழுக்கக் கழுவ வேண்டும், அதற்குத் தனிக் காசு என்று அவர் விளக்கினார். அன்றைக்கு அவருக்கு ஓடிக்கொண்டிருந்தது ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கான வெள்ளை.

இங்கேதான் கதை திரும்புகிறது, கவனமாகப் படி. அவர் நிற அட்டையை நீட்டினார். பெரியம்மாவின் சக்கரம் ஆதியில் க்ரீம் நிறம், அது நம் மூவருக்கும் தெரியும். உன் அம்மா அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு சதுரத்தில் விரலை வைத்து, இதுதான், அச்சு அசல் எங்க க்ரீம் என்றாள். விரல் இருந்தது வெள்ளையில். சுத்தமான, பளீர் வெள்ளையில். பவுடர்காரர் என்னைப் பார்த்தார், பிறகு, அம்மா இது வெள்ளைங்க, க்ரீம் அந்தப் பக்கம் இருக்கு என்று மெதுவாகச் சொன்னார். பொறந்ததுலேருந்து பாக்குற சக்கரம் சார், எனக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டு உன் அம்மா என் பக்கம் திரும்பி, நீங்க சொல்லுங்க என்றாள். நான் திரைத்துணிக் கடையில் வேலை பார்த்த காலமெல்லாம் க்ரீமிலேயே பதினாறு ரகம் விற்றவன் என்பது உனக்குத் தெரியும். வெண்ணெய், பாலேடு, தந்தம், சந்தனம், வெளுத்த சந்தனம் என்று கண்ணை மூடிக்கொண்டு அடுக்கை இழுப்பேன். ஆனால் எங்கள் முதலாளி முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம், வாடிக்கையாளர் ஒரு நிறத்தில் கை வைத்துவிட்டால் அதற்கு மேல் வாதாடக் கூடாது, உடனே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அந்த வார்த்தை தானாக வாயில் வந்துவிட்டது. அருமையான செலக்ஷன் என்றேன். வெள்ளை என்றால் துப்பாக்கி கழுவுகிற காசும் மிச்சம் என்கிற நினைப்பும் ஓரமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

சக்கரங்கள் வந்தன. கரும்பச்சைக் காருக்கு அடியில் நாலு வெள்ளைத் தட்டு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யாரோ நிற்பது போல இருந்தது பெரியம்மாவைப் பார்க்க. எதிர்வீட்டு மெக்கானிக் வந்து, என்ன சார், கல்யாண ஆர்டரா என்று கேட்டுவிட்டுப் போனார். உன் அம்மா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, எங்க அப்பா காலத்துல வாசல்ல நின்னப்ப இருந்த அதே க்ரீம், பாத்தீங்களா என்றாள். முதலில் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். உன் அம்மாவுக்குப் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது நமக்குப் புதிதில்லையே. ஆனால் பிடிவாதம் பிடிக்கிறவள் முகத்தில் ஒரு விறைப்பு இருக்கும். அன்றைக்கு அது இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி அவ்வளவு சந்தோஷம். இவளுக்கு நிஜமாகவே அது க்ரீமாகத்தான் தெரிகிறதோ என்று அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

உள்ளே போய் என் பழைய மாதிரித் துணிக் கட்டை எடுத்தேன். ஒரு வெள்ளைத் துண்டையும் ஒரு வெளுத்த சந்தனத் துண்டையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜன்னலுக்கு எது போடலாம் சொல்லு என்று கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டு துண்டு என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன் அம்மாடி. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கொஞ்ச காலமாக ரோட்டுப் பலகைகளை எல்லாம் என்னைப் படிக்கச் சொல்கிறாள், உங்க மூளைக்கு நல்லது என்பாள், நானும் சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை மாதிரிப் படித்துக்கொண்டு வருகிறேன். இருட்டினால் வண்டியை எடுப்பதில்லை, பெரியம்மாவுக்கு வயசாச்சு, ராத்திரி தூங்கட்டும் என்பாள். சாயங்காலமே எதிரே வருகிற வண்டியின் விளக்குக்குக் கண்ணைச் சுருக்குவாள். பக்கத்து சீட்டில் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்த எனக்கு இது ஒன்றும் உறைக்கவில்லை. அந்தக் கண்ணோடுதான் அவள் என் பேத்தியை வைத்து நெடுஞ்சாலையில் ஓட்டப் போவதாக இருந்தாள்.

சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன். எப்படிச் சொல்வது என்று ஒத்திகை எல்லாம் பார்த்து வைத்திருந்தேன், கடைசியில், அந்தச் சக்கரம் வெள்ளைம்மா என்று மட்டும்தான் வந்தது. அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினாள். வாசலுக்குப் போய்க் குனிந்து சக்கரத்தை வெகுநேரம் பார்த்தாள், வெள்ளைக் கைக்குட்டையை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். உள்ளே வந்து, அப்ப அங்க கேட்டப்ப ஏன் சொல்லல என்றாள். கடைப் பழக்கம், வாடிக்கையாளரிடம் வாதாடுவதில்லை என்று இழுத்தேன். அதற்கு அவள் குரலை உயர்த்தவே இல்லை. நான் என்ன உங்க கஸ்டமரா, கஸ்டமர் காசைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க, நான் எந்த வீட்டுக்குப் போறது, நான் கேட்டா எனக்கு உள்ளதைச் சொல்லுங்க என்றாள். உன் அம்மா கத்தினால் எனக்குப் பழக்கம், ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன். இது இரண்டு காதிலும் நின்றுவிட்டது. கண்ணு மங்கலாத்தான் இருக்கு, போன மழைக்காலத்துலேருந்தே, போர்டைப் படிக்கச் சொன்னா நான் தப்பாப் படிச்சிடுவேன்னு பயம், லைசென்ஸைப் பிடுங்கிட்டா நான் யாரு சொல்லுங்க என்று அப்புறம் அவளே சொன்னாள். நான் தட்டை எல்லாம் எடுத்துக் கழுவி வைத்தேன்.

கண் டாக்டர் யார் என்கிறாய், உன் அம்மாவிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவரேதான். ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு தடவை பெரியம்மாவின் பின்பக்கத்தை மரத்தில் கொண்டு போய் முட்டியவர், அதை உன் அம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும் ஞாபகப்படுத்தினாள். டாக்டர் சிரித்துக்கொண்டே, இப்ப என் முறை மேடம், தாடையை இதுல வைங்க என்றார். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் அதிகம். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் பழுத்து மஞ்சளாகிவிட்டது, அதன் வழியாகப் பார்த்தால் வெள்ளை எல்லாம் க்ரீமாகத்தான் தெரியும், க்ரீம் வேண்டுமென்று தேடினால் விரல் வெள்ளையில்தான் போய் நிற்கும் என்று விளக்கினார். மேடம், உங்க மனசுல இருக்கிற க்ரீம் சரிதான், கண்ணுதான் ஏமாத்திடுச்சு என்று அவர் சொன்னதும் அவளுக்குப் பாதி தெம்பு வந்துவிட்டது. முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன், கொஞ்ச நாள் பொறுத்து இடது. பெயர்தான் பெரிது, காலையில் போய் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டோம். இதை உனக்குச் சொல்லாததற்குத் திட்டாதே, நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய் என்று இருவரும் பேசிக்கொண்டுதான் மறைத்தோம்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் ஆட்டோவிலிருந்து இறங்கியவள் நேராகப் பெரியம்மாவிடம்தான் போனாள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். மறுபடி இடது, மறுபடி வலது. பிறகு கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை, டாக்டர் குனியக் கூடாது அதிரக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே என்று எனக்கு ஒரே பதற்றம். இந்தக் கண்ணுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலு, அந்தக் கண்ணுக்கு எங்க அப்பா கார் என்றாள். எதிர்வீட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டு அவருக்கும் சொன்னாள். மறுநாளே ஒரு வாதம் கண்டுபிடித்துவிட்டாள். க்ரீம் போட வேண்டும் என்றால் இந்த வெள்ளையை மறுபடி உரிக்க வேண்டும், வெந்து பிடித்த பவுடரை உரிப்பது பழைய பெயின்ட்டை விடக் கஷ்டம், அதனால் முதலில் கொடுத்ததை விடக் கூடுதல் ஆகும் என்று பவுடர்காரர் சொல்லிவிட்டார். ஆகவே இடது கண்ணை அப்படியே விட்டுவிட்டால் ஆபரேஷன் செலவும் மிச்சம், சக்கரச் செலவும் மிச்சம், க்ரீம் பார்க்க ஆசை வந்தால் வலது கண்ணைப் பொத்திக்கொள்வேன் என்கிறாள். ஆளுக்கு ஆள் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் பாதி விளையாட்டாகவும் பாதி பயத்தாலும் பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் கண்ணைக் காட்டப் போயிருந்தோம். வலது கண் நன்றாக ஆறியிருக்கிறது, இடது கண்ணுக்கு நாள் குறித்தாகிவிட்டது, அது நீ வருகிற வாரத்துக்குப் பிறகுதான் வருகிறது. ஒரு கண்ணில் தெளிவும் ஒரு கண்ணில் மங்கலுமாக இருக்கும்போது தூரம் சரியாகப் பிடிபடாது, வண்டி ஓட்டுவதை இரண்டும் முடிந்த பிறகு பார்க்கலாம், லைசென்ஸ் எங்கேயும் போகாது என்று டாக்டர் சொன்னார். அவள் வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டுக்கு மேலே நின்றாள். டாக்டர் அப்படித்தான் சொல்லுவாங்க, ரோடு எனக்கு மனப்பாடம், மெதுவா ஓட்டினா ஏர்போர்ட்டுக்குப் போயிட்டு வந்துடலாம், நீங்க சொல்லுங்க, போகட்டுமா என்றாள். முகத்தில் அவ்வளவு ஆசை. அருமையான செலக்ஷன் மாதிரி ஏதாவது ஒன்று நாக்கு நுனி வரை வந்தது அம்மாடி, அதை விழுங்கினேன். வேண்டாம் என்றேன். இத்தனை வருஷத்தில் உன் அம்மாவிடம் அந்தச் சொல்லை நான் சொன்னதே இல்லை, குரல் கூட எனக்கே யாருடையதோ போல இருந்தது. கோபித்துக்கொண்டு தனியாக இறங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் கையை என் பக்கம் நீட்டினாள். பிடிங்க, முதல் படி எங்க முடியுதுன்னே தெரியல, வரும்போதும் தெரியல, உங்ககிட்ட சொல்லாமத்தான் ஏறினேன் என்றாள். கடைசிப் படி வரை என் கையை விடவில்லை, தெருவுக்கு வந்த பிறகும் விடவில்லை.

ஆகையால் நீ வருகிற அன்றைக்கு ஒரு வாடகைக் காரில்தான் வருவோம். பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு உன் அம்மா வழி நெடுக இல்லாத பிரேக்கை மிதிப்பாள், அந்த டிரைவருக்குப் பொறுமையைக் கடவுள் கொடுக்கட்டும். பெரியம்மா வெள்ளைச் சக்கரத்தோடு வாசலில் நிற்பாள், அதை மாற்றுவதா இல்லையா என்பதை இரண்டாவது கண்ணும் திறந்த பிறகு உன் அம்மாவே முடிவு செய்யட்டும், என்னைக் கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்வேன். உன்னிடம் ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். நீ ஊர் திரும்பும்போது நானே கொண்டு போய் விடட்டுமா என்று அவள் கட்டாயம் உன்னைக் கேட்பாள். அப்போது உன் இஷ்டம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே. அது என் கடைப் பேச்சு, என்னிடமிருந்துதான் உனக்கு ஒட்டிக்கொண்டது. அவள் கண்ணைப் பார்த்து, உனக்குப் பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். அவள் தாங்குவாள், நான் பார்த்துவிட்டேன்.

விமானம் வந்து சேரும் நேரத்தை மாப்பிள்ளையிடம் கேட்டு ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்து எழுது, வாடகைக் கார்க்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். குழந்தைக்கு வழியில் போட ஒரு கனமான சட்டையைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், போன இடமெல்லாம் உங்களுக்கு வழி நல்லபடியாக அமைய வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம்.

உங்கள் வரவை எதிர்பார்த்து வாசலைப் பார்த்தபடி,
உன் அப்பா